ஸ்லேவ்னு சொல்லாம ஒரு சென்சாரை மாட்டுவோம்: வயர்ல, கோடுல, பேச்சுல

வணக்கம் மக்களே. மேசை மேல இருக்கறது ஒரு இஎஸ்பி 32 மைக்ரோகன்ட்ரோலர் டெவ் போர்டு, வெப்பம், ஈரப்பதம், காத்தழுத்தம் அளக்கற ஆறு பின் பிஎம்இ 280 சென்சார் மாட்யூல் ஒண்ணு, ஆறு ஜம்பர் வயர். இதை மாட்டிக்கிட்டே ஒரு பழைய சண்டையைப் பேசலாம். மாஸ்டர், ஸ்லேவ். பேச்சை ஆரம்பிக்கற சிப் மாஸ்டர், அது சொல்றதைக் கேக்கற சிப் ஸ்லேவ், அதாவது அடிமை. எலக்ட்ரானிக்ஸ் பொழுதுபோக்கா பண்றவங்க வாயில தினம் வர்ற லேபிள். "சும்மா ஒரு பேருதானே, யாரைத் திட்டினோம்?"னு கேப்பாங்க. என் கருத்து நேரா சொல்லிடறேன்: புதுசா எழுதற எதுலயும் அது வேணாம். பழசுல எதைத் தொடலாம், எதைத் தொட்டா உடையும்ங்கறதுதான் நிஜமான வேலை.

"இது 2020-ல அமெரிக்காக்காரங்க கிளப்பினது"ன்னு ஒரு பேச்சு ஓடுது. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி நிர்வாகம் 2003-லயே இந்த லேபிள் போட்ட சாமான் வேணாம்னு சப்ளையர்ஸ்கிட்ட கேட்டுச்சு. நம்ம ஊர்ல மட்டும் என்ன? கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-ல. அதுக்கு அப்புறமும் தமிழ்நாட்டுல செங்கல் சூளையிலயும் அரிசி ஆலையிலயும் இருந்து குடும்பம் குடும்பமா மீட்டிருக்காங்க. வொர்க்‌ஷாப்புல பக்கத்து ஸ்டூல்ல உக்காந்திருக்கற பையனோட தாத்தா எங்க வேலை பார்த்தாருன்னு உங்களுக்குத் தெரியுமா?

சரி, வயருக்கு வருவோம். சிப்புங்க ஒண்ணோட ஒண்ணு டேட்டா பேசற எஸ்பிஐ பஸ்ல பழைய பேரு மோசி (மாஸ்டர் அவுட் ஸ்லேவ் இன்), மிசோ (மாஸ்டர் இன் ஸ்லேவ் அவுட்). அந்த "எம்"மும் "எஸ்"ஸும் மாஸ்டர், ஸ்லேவ்தான். ஆர்டுயினோ டாக்குமென்ட்ல இப்ப கோபி, சிபோ. அதாவது கன்ட்ரோலர் அவுட் பெரிஃபெரல் இன், கன்ட்ரோலர் இன் பெரிஃபெரல் அவுட். ஸ்பார்க்ஃபன் அதையே திருப்பிப் போட்டு பிக்கோ, போசின்னு எழுதறாங்க. ராஸ்பெர்ரி பை பிக்கோன்னு ஒரு போர்டே இருக்கும்போது பின்னுக்கும் பிக்கோன்னு பேரு வச்ச புண்ணியவான் யாரோ! அந்த ராஸ்பெர்ரி பை பிக்கோ பின் படத்துல இந்த ரெண்டும் இல்ல, வெறும் டிஎக்ஸ், ஆர்எக்ஸ். டிஎக்ஸ்னா மோசி, ஆர்எக்ஸ்னா மிசோ.

சென்சார் பக்கம் நிறைய எஸ்டிஐ, எஸ்டிஓன்னு, அதாவது சீரியல் டேட்டா இன், சீரியல் டேட்டா அவுட்னு இருக்கும். இங்கதான் கவனம் வேணும். மோசியை மோசியோட மாட்டிப் பழகின கை, எஸ்டிஓவை எஸ்டிஓவோட மாட்டும். தப்பு. எஸ்டிஓங்கறது அந்தந்த சிப்போட பார்வையில அவுட்புட். ரெண்டு அவுட்புட்டைச் சேர்த்துட்டா, எந்த சிப்போட பேசறோம்னு சொல்ற சிப் செலக்ட் வயர் லோ ஆகி சென்சார் பதில் சொல்ற நேரத்துல ரெண்டும் மோதிக்கும். ஒண்ணோட அவுட் இன்னொண்ணோட இன்னுக்குத்தான் போகணும்.

இந்த மாட்யூல்ல இன்னொரு குழப்பம். பின் மேல ஐ2சிங்கற இன்னொரு பஸ்ஸோட பேருதான் அச்சாகியிருக்கு. எஸ்சிஎல் தான் கிளாக், அது போர்டுல ஜிபிஐஓ 18-ங்கற பின்னுக்கு. எஸ்டிஏ தான் எஸ்டிஐ, அது 23-க்கு, அதாவது கோபி. எஸ்டிஓ 19-க்கு, சிபோ. சிஎஸ்பி, அதான் சிப் செலக்ட், 5-க்கு. பவர் 3.3 வோல்ட், அப்புறம் கிரவுண்ட். மாட்டினதும் முதல்ல சிப்போட அடையாள நம்பர் இருக்கற ஹெக்ஸ் டி0 ரெஜிஸ்டரைப் படிங்க. 60 வந்தா பிஎம்இ 280. 58 வந்தா கடைக்காரர் பிஎம்பி 280-ஐக் கொடுத்திருக்காரு, ஈரப்பதம் வராது. 00 இல்லன்னா எஃப்எஃப் வந்தா முதல்ல 19-ஐயும் 23-ஐயும் மாத்திப் பாருங்க. சிஎஸ்பி ஒரு தடவை லோ ஆயிட்டா, பவரை எடுத்துப் போடற வரைக்கும் ஐ2சி வேலை செய்யாது. அது ரிப்பேர் இல்ல, அப்படித்தான் டிசைன்.

இப்ப கோடு. உற்சாகத்துல ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் போட்டு எல்லா மோசியையும் கோபி ஆக்கிடாதீங்க. ஆர்டுயினோ கோர்ல மோசிங்கற பேர்லதான் பின் நம்பர் டிக்ளேர் ஆகியிருக்கு. இஎஸ்பி சிப்போட சொந்த டூல்கிட்டான இஎஸ்பி ஐடிஎஃப்ல ஸ்ட்ரக்சருக்குள்ள "மோசி ஐஓ நம்"னு மெம்பரே இருக்கு, அதை மாத்தினா கம்பைல் ஆகாது. ஆர்டுயினோ ஊனோ போர்டுல இருக்கற ஏவிஆர் சிப்ல கன்ட்ரோல் ரெஜிஸ்டர்ல எம்எஸ்டிஆர்னு ஒரு பிட். அது டேட்டாஷீட் பேரு, அதுவும் அப்படியே இருக்கட்டும். உங்க ஃபைல் மேல டிஃபைன் போட்டு கோபின்னா மோசின்னு ஒரு வரி, சிபோன்னா மிசோன்னு இன்னொரு வரி. அதுக்குக் கீழ உங்க கோடு முழுக்க புதுப் பேரு. இஎஸ்பி 32-ல எஸ்பிஐ பிகின் கூப்பிடும்போது வரிசை கிளாக், சிபோ, கோபி, சிஎஸ். சிபோ முன்னாடி வருது, பார்த்துக்கோங்க.

கீகேட் சாஃப்ட்வேர்ல ஸ்கீமேட்டிக், அதாவது சர்க்யூட் படம் பண்றவங்க: நெட் லேபிளை, அதாவது ஒரு இணைப்போட பேரை, ஒரு ஷீட்ல மாத்திட்டு இன்னொண்ணுல விட்டா, ஒரே நெட் ரெண்டா உடையும். பழைய பேர்ல ரெண்டு பின், புதுப் பேர்ல ரெண்டு பின்னு இருந்தா, சர்க்யூட் தப்பைத் தேடற இஆர்சி செக் கூட கத்தாது. அதனால ஹைரார்க்கிகல் லேபிள், ஷீட் பின் எல்லாத்தையும் ஒரே மூச்சுல மாத்தி, போர்டு அப்டேட் பண்ணி, இன்னும் இணைக்காததைக் காட்டற மெல்லிய கோடு, அதான் ஏர்வயர், புதுசா முளைக்குதா பாருங்க. போர்டு மேல அச்சாகற எழுத்துல, அதான் சில்க்ஸ்கிரீன்ல, கோபின்னு 1 மில்லிமீட்டர் உயரத்துல, 0.15 மில்லிமீட்டர் கோட்டு தடிமன்ல போடுங்க. போர்டுக்குப் பின்பக்கம் இடம் இருந்தா பழைய பேரையும் சின்னதா போடுங்க. பழைய புத்தகம் வச்சுப் படிக்கறவங்களை அலைய விடறதுல என்ன பெருமை?

ஐ2சி சுலபம். அதோட ஸ்பெசிஃபிகேஷனை வெளியிடற என்எக்ஸ்பி கம்பெனி 2021-ல ஸ்பெசிஃபிகேஷனையே மாத்தி கன்ட்ரோலர், டார்கெட்னு போட்டுட்டாங்க. தொழிற்சாலை மெஷின்கள் பேசிக்கற மோட்பஸ்தான் தலைவலி. 2020-ல இருந்து கிளையன்ட், சர்வர். பெரிய டப்பாதான் சர்வர்னு நினைப்போம். இல்ல. கேள்வி கேக்கற பிஎல்சி, அதான் மெஷினை ஓட்டற கன்ட்ரோலர், கிளையன்ட், மூலையில தொங்கற எனர்ஜி மீட்டர் சர்வர். பைத்தான்ல மோட்பஸ் பேச உதவற பைமோட்பஸ் லைப்ரரி இன்னும் வேடிக்கை. 3.0-ல யூனிட்டுன்னு இருந்ததை ஸ்லேவ்னு மாத்தினாங்க, பிறகு அதையும் எடுத்துட்டு டிவைஸ் ஐடின்னு வச்சாங்க. பழைய ஸ்கிரிப்ட் "எதிர்பாராத ஆர்கியுமென்ட்"னு நின்னுச்சுன்னா காரணம் இதுதான். வெர்ஷனைப் பூட்டி வைங்க.

ரெசிஸ்டர் மேல இருக்கற நிற வளையங்களோட வரிசையை ஞாபகம் வச்சுக்க இங்கிலீஷ்ல ஒரு பழைய மனப்பாட வரி இருக்கு. பாலியல் வன்முறையை ஜோக்காக்கின வரி, சில ரூபத்துல நிறத்தையும் இழுக்கும். அதைச் சொல்லமாட்டேன். நமக்கு பிபி ராய் கிரேட் பிரிட்டன் வரி இருக்கவே இருக்கு. பேட்டரியைத் திருப்பி மாட்டினா சர்க்யூட்டைக் காப்பாத்தற டயோடை "இடியட் டயோட்"னு ஹாம் ரேடியோக்காரங்க சொல்றதுல எனக்குப் பெரிய கோபம் இல்ல, பொதுவா அந்த இடியட் நாங்கதான்னு ஒத்துக்கிட்டுத்தான் சொல்றாங்க. ஆனா வேலை பழகற பொண்ணு பேட்டரியைத் திருப்பி மாட்டும்போது அதே பேரை அந்தப் பொண்ணுக்கு வைக்கறது வேற கணக்கு. அந்தப் பொண்ணு அடுத்த வாரம் வராது.

இதே வரிசையில "சைனா பீஸ்". மட்டமான எதுக்கும் அந்த முத்திரை. கையில இருக்கற இஎஸ்பி 32-ஐ டிசைன் பண்ற எஸ்ப்ரெசிஃப் ஷாங்காய் கம்பெனி, அப்ப இதுவும் மட்டமா? கடைக்குப் போய் "சைனா ஊனோ வேணாம்ணே"ன்னு சொல்றதால ஒண்ணும் தெரியப்போறதில்ல. "யூஎஸ்பி சிப் சிஎச் 340-ஆ, 16யு2-வாண்ணே?"ன்னு கேளுங்க. முதல்துன்னா சில கம்ப்யூட்டர்ல டிரைவர் தனியா போடணும், ரெண்டாவதுன்னா ஆர்டுயினோ சாஃப்ட்வேரோடயே வந்துடும்.