யாருமே தொடாத ஆய்வுத் தலைப்பு எங்கே கிடைக்கும்? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று என்னைத் துரத்திக்கொண்டே இருக்கிறது. பொது சுகாதாரத்தில் முதுநிலை படிக்கும் ஒரு தங்கை அனுப்பியது. படிக்கிறேன்.

"ஐயா, இளைஞர்களின் கைப்பேசிப் பயன்பாடும் மனநலமும் என்று ஒரு தலைப்பு எடுத்தேன். தேடிப் பார்த்தால் எல்லாரும் அதைச் செய்துவிட்டார்கள். யாருமே தொடாத தலைப்பை எப்படிக் கண்டுபிடிப்பது?"

நல்ல கேள்விதான். ஆனால் படித்ததும் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வந்தது. தங்கை மேல் இல்லை. புதுசாக இருந்தால்தான் ஆய்வு என்று மாணவர்கள் தலையில் ஏற்றிவைக்கிறார்களே, அதன் மேல். யாருமே தொடவில்லை என்றால் பெரும்பாலும் அதை அளக்க வழி இருக்காது, இல்லாவிட்டால் அதில் யாருக்கும் அக்கறை இருக்காது. ஆய்வுக் கேள்வியை எடைபோட ஃபைனர் (FINER) என்று ஒரு சோதனை சொல்வார்கள்: செய்ய முடியுமா, ஆர்வம் தருகிறதா, புதிதா, நெறிக்கு உட்பட்டதா, பயன் உண்டா. ஐந்தில் புதுமை ஒன்றே ஒன்று. பழைய முடிவை வேறு மக்களிடம் சரிபார்த்தால் அதுவும் புதுமைக் கணக்கில்தான் சேரும். சரி, இதை விடுவோம்.

நம் பழைய நேயர்களுக்கு நான் அடுத்து என்ன சொல்லப்போகிறேன் என்று தெரிந்திருக்கும். ஆமாம், அதேதான்: எதோடு ஒப்பிட்டு? இந்த ஒரு கேள்வியைப் போட்டாலே பாதித் தலைப்புகள் கலைந்துவிடும், மீதிப் பாதி சீராகிவிடும்.

ஜான் ஸ்னோ என்ற லண்டன் மருத்துவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் என்றாலே காலராவைத் தடுக்கத் தெருக்குழாயின் கைப்பிடியைக் கழற்றவைத்த கதையைத்தான் எல்லாரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது அதே 1854இல் லண்டனில் அவர் செய்த இன்னொரு வேலை. காலரா தண்ணீர் வழியாகப் பரவுகிறது என்று அவர் 1849லேயே எழுதிவிட்டார், பெரும்பாலானவர்கள் ஏற்கவில்லை. ஆக 1854இல் தலைப்பு பழசு. புதிதாகக் கிடைத்தது ஒப்பீடு. லண்டனின் தென்பகுதியில் ஒரே தெருவில் இரண்டு நிறுவனங்களின் குழாய்கள் கலந்து ஓடின. லாம்பெத் நிறுவனம் 1852இல் தண்ணீர் எடுக்கும் இடத்தைத் தேம்ஸ் நதியில் மேலே, கழிவு கலக்காத பகுதிக்கு மாற்றிவிட்டது. சவுத்வார்க் வாக்ஸ்ஹால் நிறுவனம் மாற்றவில்லை. அடுத்தடுத்த வீடு, அதே காற்று, ஏழையும் பணக்காரரும் இரண்டு பக்கமும் உண்டு. தண்ணீர் மட்டும் வேறு. இந்த ஒப்பீட்டுக்குள் வந்தவர்கள் மூன்று லட்சம் பேருக்குக் குறையாது.

அப்புறம் அவர் வீடு வீடாகப் போனார். இங்கேதான் சிக்கல். பல வீடுகளில் தண்ணீர் எந்த நிறுவனத்துடையது என்றே தெரியவில்லை. கட்டணம் கட்டுகிற வீட்டுக்காரர் வேறெங்கோ இருப்பார், குடியிருப்பவருக்கு என்ன தெரியும்? ஸ்னோ ஒரு சிறு குப்பியில் தண்ணீர் பிடித்து வெள்ளி நைட்ரேட் விட்டுப் பார்த்தார், உப்பு இருந்தால் தண்ணீர் வெள்ளையாகக் கலங்கும். ஒரு நிறுவனத்தின் தண்ணீரில் இன்னொன்றைவிட 40 மடங்கு உப்பு இருந்ததால், பார்த்த மாத்திரத்தில் பிரித்துவிட முடிந்தது. கொள்ளைநோயின் முதல் 7 வாரங்களில், 10,000 வீடுகளுக்கு சவுத்வார்க் வாக்ஸ்ஹால் பக்கம் 315 சாவு, லாம்பெத் பக்கம் 37. "காலரா ஏன் பரவுகிறது" என்று கேட்டுக்கொண்டே இருந்திருந்தால் இந்த எண்கள் வந்திருக்குமா?

சரி, தங்கையின் தலைப்புக்கு வருவோம். கைப்பேசிப் பயன்பாடு என்றால் எது? எத்தனை மணி நேரம் என்பதா, படுத்த பிறகு பார்ப்பதா? மணி நேரத்தை மாணவர்களிடம் கேட்டால் ஆளுக்கொரு உத்தேசம் சொல்வார்கள். கைப்பேசியிலேயே திரை நேரம் பதிவாகிறது, அதைக் காட்டச் சொல்லலாம். மனநலம் என்பது அதைவிடப் பெரிய கடல். மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ 9 (PHQ-9) வினாத்தாள் எடுத்தால் 0 முதல் 27 வரை மதிப்பெண் வரும், எளிதுதான். ஆனால் அதன் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்றோ தன்னைத் துன்புறுத்திக்கொள்ளவோ தோன்றுகிறதா என்று கேட்கிறது. ஒரு மாணவர் 'ஆம்' பக்கம் குறியிட்டால் அன்றைக்கே நீங்கள் என்ன செய்வீர்கள், யாரிடம் அனுப்புவீர்கள்? இதற்குப் பதில் இல்லாமல் அந்தத் தாளை நீட்டவே கூடாது. நெறிமுறைக் குழு கேட்கும் என்பதற்காக இல்லை, உட்கார்ந்திருப்பது ஒரு மனிதர்.

இன்னொன்று. அந்த மனநலக் கடலில் தூக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். தூக்கம் கெட்டவர் கைப்பேசியை எடுக்கிறாரா, கைப்பேசி தூக்கத்தைக் கெடுக்கிறதா? ஒரே ஒரு முறை கேட்டு முடிக்கும் ஆய்வில் தலைகீழாக நின்றாலும் இது தெரியாது. அதனால் நான் இப்படிச் சுருக்குவேன்: விடுதியில் தங்கிப் படிக்கும் முதலாண்டு மாணவர்களில், தூங்கும்போது கைப்பேசியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைப்பவர்களை, எட்டாத இடத்தில் வைப்பவர்களோடு ஒப்பிட்டு, ஒரு பருவத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் தூக்கத்தின் தரம் எப்படி மாறுகிறது? மறுபடியும் பாருங்கள், 'ஒப்பிட்டு' என்ற இடத்தில்தான் உயிர் இருக்கிறது.

ஆனால் தங்கை, நீங்கள் என்னிடம் வேறொன்றைக் கேட்டிருக்கலாம். "என் பதில் கிடைத்தால் யார் எதை மாற்றுவார்கள்?" இதை யாருமே கேட்பதில்லை, எனக்கு அதில் பெரிய வருத்தம்.

பெலாக்ரா என்று ஒரு நோய். தோல் வெடிக்கும், வயிற்றுப்போக்கு, கடைசியில் புத்தி பேதலிக்கும். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அதைத் தொற்றுநோய் என்றே பலர் நம்பினார்கள். 1914இல் ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவரை அரசு அனுப்பியது. அநாதை இல்லங்களிலும் மனநலக் காப்பகங்களிலும் பார்த்தார்: உள்ளே இருப்பவர்களுக்கு நோய், அவர்களைத் தொட்டுப் பராமரிக்கும் ஊழியர்களுக்கு இல்லை. தொற்று என்றால் அவர்களுக்கும் வரவேண்டாமா? இதுவும் ஒப்பீடுதான், மன்னிக்கவும், எனக்கு வேறு பாட்டு தெரியாது. அவர் உணவைச் சந்தேகித்தார். பால், முட்டை, இறைச்சி கொடுக்கச் செய்தார், இல்லங்களில் நோய் அடங்கியது. உணவில் எந்தப் பொருள் குறைந்தது என்பது, அதாவது நியாசின் என்ற பி வகை வைட்டமின், 1937இல்தான் தெளிவானது. எந்தப் பொருள் என்று தெரிந்த பிறகுதான் தொடங்குவேன் என்று அவர் உட்கார்ந்திருந்தால்? அவர் கேட்டது ஒரு சமையல்காரர் மறுநாளே செயலாக்கக்கூடிய கேள்வி.

உங்கள் ஆய்வில் அந்தச் சமையல்காரர் யார்? விடுதிக் காப்பாளரா? இரவில் கைப்பேசியை மின்னேற்றும் இடத்தை அறைக்கு வெளியே வைக்கலாமா என்பதை முடிவுசெய்பவர் அவர்தான். அவரிடம் முதலில் போய்ப் பேசுங்கள். வழிகாட்டியிடம் அப்புறம் போகலாம். எது அவருக்கு முடியும், எது நடக்கவே நடக்காது என்று அவர் சொல்வதைக் கேட்டாலே உங்கள் கேள்வி இன்னும் ஒரு சுற்று மெலியும்.

திரும்பி வந்ததும் ஒரு தாளில் வெற்று அட்டவணை போடுங்கள். மேலே இரண்டு பிரிவினர், பக்கத்தில் எதை அளக்கிறீர்கள் என்பது, உள்ளே எண் இல்லாத கட்டங்கள். கட்டம் போட முடியவில்லை என்றால் கேள்வி இன்னும் வேகவில்லை. போட முடிந்தால் அந்தத் தாளை எனக்கு அனுப்புங்கள், அடுத்த பதிவில் எல்லாருமாகப் பார்ப்போம். எத்தனை பேரை ஆய்வில் சேர்ப்பது என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். அந்தக் கணக்கும் இந்தக் கட்டங்களில் இருந்துதான் தொடங்கும், அதனால் அதையும் அப்போதே எடுத்துக்கொள்கிறேன்.