காலோடு போகிற சந்தோஷமா இது?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சபையோரே, அனைவருக்கும் வணக்கம்.

"போல்கா இசை தரும் உற்சாகம் மனதில் தங்குமா, காலோடு போய்விடுமா?" இதுதான் தலைப்பு. போல்கா என்றால் ஐரோப்பாவில் பிறந்த ஒரு துள்ளல் ஆட்டமும் அதற்கான இசையும். எனக்கு முன்னால் பேசிய நண்பர், "குதிக்கிற பாட்டு, குடிக்கிற பாட்டு, விடிந்தால் மறந்து போகும்" என்று சொல்லிவிட்டு அமர்ந்தார். தங்கும் என்று சொல்ல நான் வந்திருக்கிறேன்.

சரி, அந்தக் குதிப்பையே எடுத்துக்கொள்வோம். அக்கார்டியன், அதாவது மார்பில் மாட்டிக்கொண்டு வாசிக்கிற துருத்திப் பெட்டி, அதை வாசிப்பவரின் இடது கையைக் கவனியுங்கள். துருத்தியை இழுத்துத் தள்ளுவதும் அந்தக் கைதான், தாளம் போடுவதும் அந்தக் கைதான். ஒரு பொத்தானை அழுத்தினால் கனத்த ஒற்றைச் சுரம். அடுத்த பொத்தானில் சில சுரங்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கும். ஊம்-பா, ஊம்-பா. 'ஊம்' காலைத் தரையில் ஊன்ற வைக்கும், 'பா' தூக்கிவிடும். எண்ண வேண்டியது இரண்டே இரண்டுதான். ஆட்டம் படிக்காத காலுக்கும் இது பிடிபடும். 1830களில் பொஹீமியாவில், அதாவது இன்றைய செக் நாட்டில், கிளம்பிய ஆட்டம் 1840களில் பாரிஸையும் லண்டனையும் பிடித்துக்கொண்டது என்றால் சும்மாவா?

"அதில் ஆழம் எங்கே?" என்று நண்பர் கேட்டார். ஒரு மெட்டின் கதையைச் சொல்கிறேன். 1927-ல் பிராக் பக்கத்து இசைக்குழுக்காரர் யாரோமிர் வேய்வோதா ஒரு போல்கா போட்டார். அப்போது அதற்கு வார்த்தை கிடையாது. 1934-ல் செக் மொழியில் வார்த்தை வந்தது. அந்தத் துள்ளல் மெட்டுக்கு என்ன எழுதினார்கள் தெரியுமா? காதலித்து ஏமாந்த ஒரு பெண்ணின் புலம்பல்! 'வீணாய்ப் போன காதல்' என்பதுதான் பாட்டின் பெயரே. அழுகிற வார்த்தையை அந்த மெட்டு தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறது. எனக்கு அந்த இடத்தில் தொண்டை அடைக்கும், நடுவர் அவர்களே.

அதே மெட்டு ஜெர்மனில் 'ரோசமுண்டே' ஆனது. ஆங்கிலத்தில் 'பீர் பேரல் போல்கா' ஆனது. இரண்டாம் உலகப் போர் வந்தது. அந்தப் பக்கத்துச் சிப்பாயும் இந்தப் பக்கத்துச் சிப்பாயும் அவரவர் மொழியில் அதையே பாடினார்கள். காலோடு போகிற பாட்டைச் சாவுக்குப் பக்கத்தில் நிற்பவன் எதற்குப் பாட வேண்டும்?

அப்புறம், ஃபிராங்கி யாங்கோவிக். பெற்றோர் ஸ்லோவேனியாவிலிருந்து பிழைக்கப் போனவர்கள். பிள்ளை வளர்ந்தது அமெரிக்காவின் கிளீவ்லாந்தில். ஆலையிலும் தொழிற்சாலையிலும் உழைத்துக் களைத்த குடும்பங்களுக்கு நடுவே அக்கார்டியன் பழகியவர். போருக்குப் போனார். 1944 கடைசியில், பெல்ஜியம் பக்கத்தில் ஜெர்மன் படையோடு பல்ஜ் சண்டை நடந்த குளிர்காலத்தில், பனி கடித்து அவருடைய கையும் காலும் செத்துப்போகிற நிலை. வெட்டி எடுக்க வேண்டும் என்றார்கள் மருத்துவர்கள். மாட்டேன் என்றார். மரத்துப்போன விரல்களை அக்கார்டியன்மேல் வைத்துத்தான் மறுபடி பழக்கினார்.

1948-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் அவருக்குப் போல்கா மன்னர் பட்டம் சூட்டினார்கள். 1986-ல் போல்காவுக்கென்று முதன்முதலாக அமெரிக்காவின் பெரிய இசை விருதான கிராமி கொடுத்தபோது, வாங்கியவரும் அவரே. விருதை விடுங்கள். அவருடைய பழைய பதிவு ஒன்றைக் கேளுங்கள். வெட்டிவிடலாம் என்று சொன்ன விரல்கள் எத்தனை குதூகலமாக ஓடுகின்றன என்று பாருங்கள். எதிரணி நண்பரும் கேட்கட்டும். கேட்டுவிட்டுத் தீர்ப்பு சொல்லுங்கள், நடுவர் அவர்களே. நன்றி.