பல்லாவரத்துக் கல்லு கொல்கத்தா கல்லறைக்கு எப்படிப் போச்சு?

[காட்சி: பழைய கல்லறை ஒன்றின் ஓவியம். மெல்லிய இசை.]

கொல்கத்தாவுல செயின்ட் ஜான்ஸ் சர்ச். அதோட வளாகத்துல ஒரு கல்லறை. உள்ள தூங்குறவர் ஜாப் சார்னாக், கிழக்கிந்திய கம்பெனி அதிகாரி. கொல்கத்தாவையே உருவாக்கினவர்னு ரொம்ப காலம் எல்லாரும் சொல்லிட்டிருந்த ஆள். அந்தக் கல்லறை மேல இருக்கற கல்லு எந்த ஊர்ல இருந்து போச்சு தெரியுமா? பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துல இருந்துதான்னு புவியியல்காரங்க சொல்றாங்க. ஜிஎஸ்டி ரோட்ல சிக்னல் விழுந்தா நாம நின்னு ஹாரன் அடிக்கிறோமே, அதே பல்லாவரம்!

வணக்கம் மக்களே! அந்தக் கல்லுக்கு வர்றேன், ஓடிப் போயிடாதீங்க. முதல்ல ஊர் கதையை வேகமா முடிச்சிடுறேன்.

[காட்சி: பீச் - தாம்பரம் லோக்கல் ரயில் பல்லாவரம் ஸ்டேஷனுக்குள் நுழைகிறது.]

பல்லவபுரம்தான் பல்லாவரம் ஆச்சு. ஏழாம் நூற்றாண்டுல பல்லவ ராஜா முதலாம் மகேந்திரவர்மன் இங்க பாறையைக் குடைஞ்சு ஒரு குடைவரைக் கோயில் வெட்டினான். வெள்ளைக்காரன் காலத்துல கன்டோன்மென்ட், அதாவது ராணுவக் குடியிருப்பு. 1912-ல பக்கத்துல குரோம் லெதர் கம்பெனி வந்துச்சு, குரோம்பேட்டைக்குப் பேரும் வந்துச்சு. 1931-ல மீட்டர் கேஜ்ல மின்சார ரயில். 2021-ல தாம்பரம் மாநகராட்சியோட சேர்த்துட்டாங்க. அவ்வளவுதான் அட்டவணை.

இப்போ கல்லு.

[காட்சி: உள்ளங்கையில் ஒரு கல் துண்டு, மிக அருகில்.]

இதைக் கொஞ்சம் கிட்ட பாருங்க. வெளிப்பக்கம் வெயில்ல காஞ்சு பழுப்பா இருக்கு. உடைஞ்ச பக்கம் பாருங்க, நீலமும் சாம்பலும் கலந்த நிறம், எண்ணெய் தடவின மாதிரி ஒரு மினுமினுப்பு. கையில எடுத்தா, பார்வைக்குத் தெரியறதைவிட கனம். வயசு? ஏறக்குறைய 250 கோடி வருஷம். டைனோசர் எல்லாம் இதுக்கு நேத்துப் பொறந்த குழந்தைங்க.

தாமஸ் ஹாலண்ட்னு ஒரு புவியியல் அறிஞர். தென்னிந்தியாவுல இருக்கற இந்தப் பாறை வகையை ஆராய்ச்சி பண்றார். இதுக்குன்னு தனியா பேரு இல்லை. கொல்கத்தா கல்லறையில இருக்கறதும் இதே கல்லுன்னு அவருக்குத் தெரிஞ்சதும், 1893-ல சார்னாக் பேரையே வெச்சிட்டார்: சார்னோகைட். இன்னைக்கு அன்டார்டிகாவுல இதே வகைப் பாறை கிடைச்சாலும், நார்வேல கிடைச்சாலும் அதான் பேரு. பரங்கிமலைப் பாறையை தேசிய புவியியல் சின்னமாவே அறிவிச்சிருக்காங்க.

எனக்கு இதுல ஒரு ஆதங்கம் உண்டுங்க. கல்லு நம்மூர்க் கல்லு. அதை உடைச்சது, இழைச்சது, எழுத்து வெட்டுறதுக்குத் தோதா பதப்படுத்தினது எல்லாம் பேரு தெரியாத கல்தச்சர்கள். உலகம் பூரா பாடப்புத்தகத்துல நிலைச்சதோ, அதுக்கு அடியில படுத்திருக்கறவர் பேரு. 'பல்லாவரைட்'னு வெச்சிருந்தா எவ்வளவு பொருத்தமா இருந்திருக்கும்! நீங்க என்ன பேரு வெச்சிருப்பீங்கன்னு கீழ எழுதுங்க, நான் எல்லாத்தையும் படிப்பேன்.

[காட்சி: செம்மண் சரளைக் குழியின் கோட்டோவியம். தேதி எழுத்தாக விரிகிறது.]

இன்னொரு கல்லும் இருக்கு. 1863 மே 30. கத்திரி வெயில் மாசம். ராபர்ட் புரூஸ் ஃபுட், 28 வயசு, புவியியல் ஆய்வுத் துறையில வேலை. பல்லாவரத்துல ராணுவ மைதானம் பக்கம் ஒரு சரளைக் குழியில குனிஞ்சு ஒரு கல்லை எடுக்கிறார். யாரோ உட்கார்ந்து, ரெண்டு பக்கமும் தட்டித் தட்டி செதுக்கின கல். பழைய கற்காலக் கருவி! இந்தியாவுல மனுஷன் வரலாறு எவ்வளவு பின்னால போகுதுன்னு தேட ஆரம்பிச்சது அந்தக் குழியில இருந்துதான். அதே வருஷம் அவரும், கூட வேலை பார்த்த வில்லியம் கிங்கும் திருவள்ளூர் பக்கம் இருக்கற அத்திரம்பாக்கத்துக்குப் போனாங்க. அங்க இருக்கற கருவிகளோட வயசு 15 லட்சம் வருஷம்னு 2011-ல உலகத்துக்கே தெரிஞ்சுது. ஃபுட் சேர்த்த கருவிகளை எழும்பூர் மியூசியத்துல பார்க்கலாம், பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போங்க.

[காட்சி: நெருக்கமான வீடுகள், மொட்டைமாடிக்கு மேலே தாழப் பறக்கும் விமானம்.]

சரி, இன்னைக்கு இங்க இருக்கறவங்களுக்கு இந்த வரலாறு என்ன பண்ணுது? நெஜமா சொன்னா, சிலருக்கு வீடு கட்ட விடல. ஊருக்குள்ள பெருங்கற்கால ஈமச்சின்னங்கள், அதாவது அந்தக் காலத்து மனுஷங்களைப் புதைச்ச இடங்கள் இருக்கு. தொல்லியல் சின்னத்தைச் சுத்தி 100 மீட்டருக்குப் புதுக் கட்டடம் கூடாது, அதைத் தாண்டி 200 மீட்டர் வரைக்கும் அனுமதி வாங்கணும்னு 2010 சட்டத் திருத்தம் சொல்லுது. சின்னத்தைக் காப்பாத்தணும், அதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனா கடன் வாங்கி அரை கிரவுண்டு வாங்கினவங்க, மாடியில ஒரு ரூம் எழுப்ப முடியாம தவிக்கிறது நியாயமா? எங்க என்ன இருக்குன்னு ஒழுங்கா அளந்து, ஒரு பலகையாவது வெச்சா, அந்த மக்களே காவல் காப்பாங்க.

குடைவரை இப்போ ஒரு தர்கா. பல்லவன் வெட்டின தூண்களுக்கு நடுவுல இன்னைக்கும் வழிபாடு நடக்குது. பெரிய ஏரியை ரேடியல் ரோடு ரெண்டாப் பிளந்து போகுது. அது தனி வீடியோ, கண்டிப்பா போடுறேன்.

[காட்சி: வெள்ளிக்கிழமைச் சந்தை. கூட்ட இரைச்சல்.]

வெள்ளிக்கிழமை வந்தா பழைய டிரங்க் ரோடு சந்தையாயிடும். புறா, நாட்டுக்கோழி, ரோஜாச் செடி, ஒத்தை ஸ்பீக்கர், ரிமோட் இல்லாத டிவி, டிவி இல்லாத ரிமோட். ஒரு பெரியவர் சாக்கை விரிச்சு துருப்பிடிச்ச ஸ்பேனரை எல்லாம் சைஸ் வாரியா அடுக்கி வெச்சிருந்தார். சாக்கு காத்துல பறக்காம இருக்க நாலு மூலையிலயும் நாலு கல். ஒரு கல்லு உடைஞ்ச பக்கம் மேல பார்த்துட்டு இருந்துச்சு. நீலச் சாம்பல், எண்ணெய் மினுமினுப்பு.

"ஐயா, இந்தக் கல்லு எவ்வளவு?"

"அது விக்கிறதுக்கு இல்ல தம்பி. ஸ்பேனர் பாரு."