மரபணுவை எடுத்தால் குடல் ஏன் புண்ணாகிறது?

நண்பர்களே, "இந்த மரபணுவை நீக்கினோம், எலிக்குக் குடல் அழற்சி வந்தது. ஆகவே இது அழற்சியைத் தடுக்கும் மரபணு." செய்திகளில் இப்படி இரண்டு வரியில் கதையை முடித்துவிடுகிறார்கள். அந்த "ஆகவே"தான் என்னை உறுத்துகிறது.

1993-ல் ஜெர்மனியின் கொலோன் நகரில் இன்டர்லூகின்-10 மரபணு இல்லாத சுண்டெலிகளை உருவாக்கினார்கள். நோய் எதிர்ப்புச் செல்களிடம் "போதும், அடங்கு" என்று சொல்லும் புரதம் அது. உடம்பெங்கும் அதற்கு வேலை உண்டு. ஆனால் அடி விழுந்ததென்னவோ குடலில்தான். எலிகள் மெலிந்தன, இரத்தசோகை கண்டது, குடல் நாள்பட வீங்கிக் கிடந்தது.

குடலில் மட்டும் ஏன்? கோடானுகோடி பாக்டீரியாக்கள் குடியிருப்பது அங்கேதானே! பிறகு, இதே எலிகளைக் கிருமியே இல்லாத கூண்டில் வளர்த்துப் பார்த்தார்கள். மரபணு இல்லை, அழற்சியும் இல்லை. அப்படியானால் குற்றவாளி பாக்டீரியாவா? சாதாரண எலியின் குடலிலும் அவை இருக்கின்றன. அது நலமாகத்தான் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் நோய்.

இன்னும் வேடிக்கை மைடி88 என்ற மரபணு. பாக்டீரியா வந்திருக்கிறது என்ற சேதியைச் செல்லுக்குள் கடத்தும் புரதம் அதிலிருந்து வருகிறது. இன்டர்லூகின்-10 இல்லாத எலியில் இதையும் சேர்த்து நீக்கினால் அழற்சி வருவதில்லை. சரி, இது கெட்ட மரபணு என்று முடிவு கட்டிவிடலாமா? குடிநீரில் டெக்ஸ்ட்ரான் சல்பேட் என்ற வேதிப்பொருளைக் கலந்து கொடுத்துக் குடல் உறையைப் புண்ணாக்கும் சோதனை ஒன்று உண்டு. அதில் மைடி88 இல்லாத எலிகள்தான் மற்றவற்றைவிட மோசமாகப் பாதிக்கப்பட்டன, செத்தும் போயின. புண்ணை ஆற்றவும் அதே சேதி தேவைப்படுகிறது! ஒரே மரபணு, நேரெதிரான இரண்டு முடிவுகள்.

எலிகள் ஒன்றின் புழுக்கையை மற்றொன்று தின்பவை. கூண்டு மாறினால் குடல் பாக்டீரியாவும் மாறும்; அந்த வித்தியாசத்தை மரபணுவின் வேலை என்று தவறாக எண்ணிவிடலாம். எனவே ஒரே தாய்க்குப் பிறந்த குட்டிகளை ஒப்பிடாத ஆய்வை நான் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

மனிதர்களுக்கு வருவோம். இன்டர்லூகின்-10-ஐ ஏற்கும் ஏற்பியின் மரபணு பழுதான குழந்தைகளுக்குப் பிறந்த முதல் ஆண்டிலேயே கடும் குடல் அழற்சி வருவதை 2009-ல் கண்டறிந்தார்கள். எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையில் அது தணிந்தது. ஆனால் அந்தப் புரதத்தையே மருந்தாக்கிச் கிரோன் என்ற நாள்பட்ட குடல் அழற்சி நோய் உள்ள சாதாரண நோயாளிகளுக்கு ஊசியில் செலுத்தியபோது, எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை.