சனிக்கிழமை ராத்திரி எனக்கு வேண்டும், நடுவர் அவர்களே

நடுவர் அவர்களே, இந்த வெக்கையிலும் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

"படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்பவர் முதலில் கவனிக்க வேண்டியது நோயாளியையா, தன்னையா?" இதுதான் தலைப்பு. எதிரணித் தம்பி, "பெற்றவருக்குச் செய்யும்போது களைப்பே தெரியாது, அன்பே ஓய்வு" என்றார். கைதட்டலும் வாங்கினார். தம்பி, உங்கள் வீட்டில் அந்த அன்பைச் செய்வது யார்? அவரை ஏன் மேடைக்குக் கூட்டி வரவில்லை?

மேற்கு மாம்பலத்தில் மூன்று வருடமாக அப்பாவைப் பார்த்துக்கொள்கிறேன். பக்கவாதம். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். கணக்குப் போடுங்கள்: இரவு 10, 12, 2, 4, 6. அன்பு நிறைய இருக்கிறது, நடுவர் அவர்களே. தூக்கம்தான் இல்லை.

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-இல் தொடங்கியது அல்லவா? பிரஷர், சுகர் மாத்திரை வீடு தேடி வரும். அப்படி வந்த சுகாதாரப் பணியாளர் அப்பாவுக்குப் பிரஷர் பார்த்துவிட்டு, என் முகத்தை ஒரு பார்வை பார்த்து, "நீங்களும் கையை நீட்டுங்க" என்றார். 160-க்கு 100! அப்பாவின் மாத்திரை டப்பாவில் திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு அறையும் நிரம்பியிருந்தது. என் மாத்திரை அட்டை கைப்பையில், மளிகைச் சீட்டுக்கு அடியில் கிடந்தது. தேதி முடிந்து நாலு மாதம். நான் விழுந்திருந்தால் அப்பாவை யார் திருப்புவது? தன்னைப் பார்த்துக்கொள்வது சுயநலம் என்றவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

கிண்டியில் 2024-இல் முதியோருக்கென்றே 200 படுக்கைகளோடு மருத்துவமனை திறந்தார்கள். அங்கேகூட ஒரே நர்ஸ் நாள் முழுக்க நிற்பதில்லை, ஷிப்ட் மாறுகிறது. சம்பளத்துக்குச் செய்பவருக்கே மாற்று ஆள் உண்டு. வீட்டில் செய்கிற மகளுக்கு மட்டும் "உன்னை மாதிரி யாரும்மா பார்த்துப்பாங்க" என்ற பாராட்டு. தன்னைக் கவனிப்பது என்றதும் எதிரணி பியூட்டி பார்லர் என்று கிண்டல் செய்தது. அய்யா, நான் கேட்பது ஒரே ஒரு ராத்திரி.

வேளச்சேரியில் இருக்கும் என் தம்பி தினமும் போனில் பாசம் காட்டுவான். போன மாதம் சொல்லிவிட்டேன்: "சனிக்கிழமை ராத்திரி நீ இங்கே வா. நான் உன் வீட்டில் தூங்கப் போறேன்." வந்தான். இரண்டு மணிக்குப் போன். "அக்கா, அப்பாவை இப்போ எந்தப் பக்கம் திருப்பணும்?"

"இடது பக்கம்டா" என்று சொல்லிவிட்டு, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

நன்றி, வணக்கம்.