கடலைப் பாடமாக்குவதும் கடலோடு நிறுத்துவதும்

[காட்சி: பாம்பன் கடற்கரை. கரையில் நாட்டுப்படகுகள், சாலையில் சீருடையுடன் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள்.]

பள்ளிக்கூடம் எதற்கு என்று தங்கச்சிமடத்திலோ தொண்டியிலோ ஒரு மீனவத் தாயிடம் கேட்டால், "எம் பிள்ளையாவது கடலுக்குப் போகாம இருக்கணும்" என்ற விடை வரக்கூடும். அதில் தவறேதும் இல்லை. ஆனால் ஒரு பிள்ளையின் வேலைக்காக மட்டுமே என்றால், ஊரார் எல்லாருடைய வரிப்பணமும் அந்தப் பள்ளிக்குச் செல்ல வேண்டியதில்லை. 6 முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் இலவசக் கட்டாயக் கல்வியை உரிமையாக்கிய 2009ஆம் ஆண்டுச் சட்டம், வேலை தருவதாக வாக்களிக்கவில்லை. அரசாணையைத் தானே படித்துப் பார்த்துக் கேள்வி கேட்கவும், தன்னைப் போல் இல்லாதவரோடு ஒரே பெஞ்சில் அமரவும் பழகிய குடிமக்கள் இல்லாமல் மக்களாட்சி நடக்காது என்பதே பொதுக்கல்விக்கான வலுவான காரணம்.

[காட்சி: கரும்பலகை. 1918, 1949 என்ற ஆண்டுகள் எழுதப்படுகின்றன.]

நோக்கம் மாறினால் பாடத்திட்டமும் மாறும். அமெரிக்கக் கல்வியாளர் பாபிட், பெரியவர்கள் வாழ்க்கையில் செய்யும் பணிகளைக் கவனித்துப் பட்டியலிட்டு, அவற்றுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்வதே பாடத்திட்டம் என்று 1918இல் வாதிட்டார். அவருக்கு முன்பே அமெரிக்க மெய்யியலாளர் ஜான் டூயி, குழந்தையின் அனுபவத்தில் தொடங்கி அறிவுத்துறைகளை நோக்கி நகர வேண்டும் என்று சொல்லியிருந்தார். 1949இல் மற்றோர் அமெரிக்கக் கல்வியாளர் ரால்ஃப் டைலர், பாடத்திட்டம் வகுப்போர் கேட்க வேண்டிய நான்கு கேள்விகளை வரிசைப்படுத்தினார். அவற்றுள் முதலாவது, பள்ளி எந்த நோக்கத்தை அடைய விரும்புகிறது என்பது.

பாபிட்டின் வழியில் ஓர் ஆபத்து உண்டு. இன்றுள்ள பணிகளின் பட்டியல், இன்றுள்ள ஏற்றத்தாழ்வுகளின் பட்டியலாகவும் இருக்கிறது. தமிழ்நாட்டுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1953இல் இராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தை மூன்று மணி நேரமாகக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. குலக்கல்வி என்று மக்கள் எதிர்த்த அத்திட்டம், 1954இல் காமராசர் முதல்வரான பின் கைவிடப்பட்டது. காந்தி 1937இல் முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலை மையமாகக் கொண்டதுதான்; ஆனால் அங்கே தொழில், கணக்கும் அறிவியலும் கற்பதற்கான வழி, பிறப்பைப் பார்க்காமல் எல்லாப் பிள்ளைக்கும் உரியது. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

[காட்சி: ஆழம் குறைந்த கடலில் பாசி எடுக்கும் பெண்கள், பிறகு பாம்பன் ரயில் பாலம்.]

அப்படியானால் கடலை வகுப்பறைக்குள் கொண்டுவரலாமா? கொண்டுவரத்தான் வேண்டும் என்பது என் கருத்து. எதற்காக என்பதில் கவனம் தேவை. மன்னார் வளைகுடாவில் பெண்கள் மூழ்கி எடுக்கும் கடற்பாசியிலிருந்து அகர் என்னும் கூழ்போல் உறையும் பொருள் தயாரிக்கப்படுகிறது. அதே அகர் ஆய்வகங்களில் நுண்ணுயிர் வளர்க்கப் பயன்படுகிறது. இந்தத் தொடர்பைத் தாயிடமும் உயிரியல் ஆசிரியரிடமும் கேட்டறியும் பிள்ளை பாசி எடுக்கவும் போகலாம், ஆய்வகத்துக்கும் போகலாம். வாடைக்காற்றையும் கச்சான்காற்றையும் பெயர் சொல்லி அறிந்த பிள்ளைக்குப் பருவக்காற்றுப் பாடம் பாதி தெரிந்த பாடம். தொழிலாளர்கள் கைகளால் இயக்கித் திறந்த 1914ஆம் ஆண்டுத் தூக்குப்பாலத்தையும், 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட, 72.5 மீட்டர் நீளப் பகுதி செங்குத்தாக மேலெழும் புதிய பாலத்தையும் ஒப்பிட்டால் இயற்பியல் வகுப்புக்கு வேறு உதாரணம் வேண்டாம். சோதனை எளியது: இதே பாடம் மதுரைப் பிள்ளைக்கும் பயன்படுகிறதா? பயன்பட்டால் அது கல்வி. கடற்கரைப் பிள்ளைக்கு மட்டும் என்று ஒதுக்கினால் அது பழைய திட்டத்தின் மறுபதிப்பு.

பள்ளிக்கு வெளியேயுள்ள வாழ்வோடு அறிவை இணைக்க வேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பும் சொன்னது. இருந்தும் பொதுத்தேர்வில் வராதது வகுப்பில் நிலைப்பதில்லை. மதிப்பெண்ணுக்காக ஓடும் ஆசிரியரைக் குறைசொல்லிப் பயனில்லை. வினாத்தாளை மாற்றாமல் பாடநூலை மட்டும் மாற்றுவது அரைவேலை.

[காட்சி: கரையில் நிறுத்தப்பட்ட விசைப்படகுகள்.]

மாற்றம் வரும்வரை பள்ளிகள் காத்திருக்க வேண்டியதில்லை. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நீடிப்பதால், கோடை விடுமுறைக்குப் பின் பள்ளி திறக்கும் ஜூன் முதல் வாரங்களில் விசைப்படகுத் தொழிலாளர்கள் பலர் கரையில்தான் இருக்கிறார்கள். அப்போது அவர்களை வகுப்புக்கு அழைத்து, நீரோட்டத்தையும் திசையறிதலையும் பற்றிப் பேசச் சொல்லலாம். கேட்கும் பிள்ளைகளுள் மீனவர் அல்லாத வீட்டுப் பிள்ளைகளும் இருப்பது முக்கியம்.