கோலமாவு காட்டிய கசிவு

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பாலாற்றில் தண்ணீரைவிட மணலை அதிகம் பார்த்து வளர்ந்தவன் நான். காட்பாடியில் மரவேலைப் பட்டறை வைத்திருக்கிறேன். சென்னையில் இருக்கும் நண்பர் ஒருவரின் 22 அடி ஃபைபர் பாய்மரப் படகுக்காக மூன்று ஆண்டுகளாக வார இறுதியில் ரயிலேறிப் போகிறேன்.

"உள்ளறைப் பலகை உளுத்துவிட்டது, மாற்றிக் கொடுங்கள்" என்றுதான் நண்பர் கேட்டார். ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர முத்திரை போட்ட மரைன் பிளைவுட், அதாவது படகு வேலைக்கான ஒட்டுப்பலகை வாங்கிப் பொருத்தி, மூன்று கோட் வார்னிஷ் அடித்தேன். ஐப்பசி மழை கழிந்து போய்ப் பார்த்தால், அதே மூலையில் கறுப்புக் கறை. பிளைவுட்டைக் குறை சொல்ல மாட்டேன். 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் பசை விடாது என்பதற்குத்தான் அந்த முத்திரை. அறுத்த விளிம்பு தண்ணீர் குடிப்பதை அது தடுக்காது. விளிம்புக்கு நான் எப்பாக்ஸி என்ற, இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பிசினைப் பூசாமல் விட்டது தவறு. அதைவிடப் பெரிய தவறு, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காதது.

பழைய மெத்தை வீட்டில் ஒழுக்கு ஓரிடம், விரிசல் வேறிடம் என்பது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். படகும் அப்படித்தான். பல படகுகளின் மேல்தளத்தில் இரண்டு ஃபைபர் தகடுகளுக்கு நடுவே பால்சா என்ற இலேசான மரம் இருக்கும். போல்ட் துளை வழியாக இறங்கும் நீர் அந்த மரத்துக்குள் பரவி, வேறெங்கோ சொட்டும். கொட்டாப்புளி என்ற மரச்சுத்தியலின் பிடியால் மெல்லத் தட்டிக்கொண்டே போனால், நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். ஊறிய இடம் சொத்தென்று கேட்கும்.

கசிவைப் பிடிக்க எனக்கு உதவியது கோலமாவு. ஒவ்வொரு போல்ட்டுக்கும் கீழே உட்சுவரில் மாவைத் தடவிவிட்டேன். நண்பர் மேலே தாழ்வான இடத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு போல்ட்டாகக் குழாய்த் தண்ணீர் விட்டார். பத்து நிமிடத்தில் ஜன்னல் ஓரத்து மாவில் மயிரிழை போல ஒரு கோடு இறங்கியது. அதைக் கண்ட சந்தோஷத்தை இப்போதும் மறக்கவில்லை.

அந்த போல்ட்டைக் கழற்றி, துளையைப் பெரிதாக்கி, மக்கிய பால்சாவைச் சுரண்டி எடுத்தோம். நன்றாக உலர இரண்டு வாரம் விட்டோம். பிறகு கெட்டியான எப்பாக்ஸியால் அடைத்து, இறுகியதும் நடுவில் புதுத் துளை போட்டோம். நம் வெயிலில் எப்பாக்ஸி கிண்ணத்திலேயே கொதித்து இறுகிவிடும். விடியற்காலையில், அகலத் தட்டில், கொஞ்சமாகக் கலக்க வேண்டும்.

அதன் பிறகுதான் பலகை வேலை. படகுக்குள் மூலைமட்டம் பயன்படாது, எல்லாம் வளைவு. அட்டையை வெட்டி வைத்துப் பார்த்துத்தான் அளவெடுப்பேன். உப்பு ஈரத்தை இழுக்கும் என்பதால், பழைய சட்டங்களை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்தேன். படுக்கை மெத்தைக்கு அடியில் காற்றோட, முழுப் பலகைக்குப் பதிலாக இடைவெளி விட்ட சட்டங்கள்.

சென்ற மழைக்கு ஜன்னல் ஓரத்து மாவு அப்படியே இருந்தது. பாய்மரத்தின் அடியில் மட்டும் ஒரு கோடு தெரிகிறது. வருகிற சனிக்கிழமை அங்குள்ள போல்ட்டைக் கழற்றப் போகிறோம்.